மக்களும் சேர்ந்து பாடும்படி கிரகோரியன் இசையைப் பங்கில் எதிலிருந்து தொடங்குவது?

புதுக்குரல்:
ஞாயிறு திருப்பலியில் பாடகர் குழு பாடுகிறது, மக்கள் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கிரகோரியன் இசையை (திருச்சபையின் பழைய, தாளக்கட்டில்லாத லத்தீன் பாடல்முறை) கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவர பங்குத்தந்தை சம்மதித்துவிட்டார். குழுவில் எட்டுப் பேர். ஸ்வரம் தெரியும், அந்த இசையை எழுதும் நாலு கோட்டுச் சதுர நோட்டு தெரியாது. எடுத்த எடுப்பில் மிஸா தே ஆஞ்செலிஸ் (கிரகோரியன் திருப்பலித் தொகுப்பில் எட்டாவது) என்கிறது ஒரு கட்சி. லத்தீன் வந்தால் முணுமுணுப்பவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள் என்கிறது இன்னொரு கட்சி. எந்த வரிசையில் போகலாம்? கீபோர்டை என்ன செய்வது?

நாலுகோடு:
பாட்டைத் தேடுவதை முதலில் நிறுத்துங்கள். குருவும் மக்களும் மாறி மாறிச் சொல்லும் வசனங்களைப் பாட வையுங்கள், தாய்மொழியிலேயே. 1967-இல் வந்த ‘மூசிக்காம் சாக்ராம்’ என்ற வத்திக்கானின் வழிபாட்டு இசை ஏடு இதற்கு மூன்று படி வகுத்திருக்கிறது. முதல் படியில் தொடக்க வாழ்த்து, நற்செய்திக்கு மக்கள் சொல்லும் பதில்கள், தொடக்கவுரை, ‘தூயவர்’, கர்த்தர் கற்பித்த செபம், பிரியாவிடை. இரண்டாம் படியில் கிரியே (‘ஆண்டவரே இரக்கமாயிரும்’), உன்னதங்களிலே, நம்பிக்கை அறிக்கை, செம்மறி. வருகைப் பாடலும் திருவிருந்துப் பாடலும் மூன்றாம் படி. முதல் படி இல்லாமல் மற்ற இரண்டையும் எடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பெரும்பாலான பங்குகளில் நடப்பது தலைகீழ்: மூன்றாம் படியை முழங்கிவிட்டு முதல் படியை வாசித்துத் தள்ளுகிறோம். பிறகு மக்கள் பாடவில்லை என்று குறைப்படுகிறோம்.

முதல் நான்கு ஞாயிறு வாழ்த்தும் அதன் பதிலும் மட்டும் போதும். குருவுக்குச் சங்கீதம் வராவிட்டால் ஒரே ஸ்வரத்தில் ஓதட்டும். பாடகர் ஒருவர் மெல்ல ‘ம்’ என்று சுருதி கொடுத்தால் பிடித்துக்கொள்வார். ஓதும் ஸ்வரம் ஜி அல்லது ஏ. மேல் சி-யில் வைத்தால் காலை ஏழு மணிக்கு ஆண்கள் பாதிப் பேர் ஓசையே எழுப்ப மாட்டார்கள். அடுத்து கர்த்தர் கற்பித்த செபம், அதற்கடுத்து பதினெட்டாம் எண் சாங்க்துஸ் (லத்தீன் ‘தூயவர்’; எண் என்பது கிரகோரியன் திருப்பலித் தொகுப்பின் வரிசை எண்). தொடக்கவுரையின் ஓதும் மெட்டிலிருந்தே அது வழிந்து வருவதால் தனியாகச் சொல்லிக்கொடுக்க அதிகம் இல்லை. பிறகு பதினாறாம் எண் கிரியே, பதினெட்டாம் எண் ஆக்னுஸ் தேயி (‘செம்மறி’). திருத்தந்தை ஆறாம் பவுல் 1974-இல் எல்லாப் பங்குகளுக்கும் குறைந்தபட்சமாகத் தொகுத்துக் கொடுத்த ‘யூபிலாத்தே தேயோ’விலும் இவைதான் இருக்கின்றன.

தே ஆஞ்செலிஸ் கட்சிக்கு: அந்தக் கிரியேயில் ஒரே எழுத்தில் நீளமாக இழையும் இடங்கள் நிறைய. குழு அழகாகப் பாடும், மக்கள் மறுபடி பார்வையாளர்தான். அதன் குளோரியாவை (‘உன்னதங்களிலே’) மட்டும் பின்னால் எடுங்கள்.

மைக் பற்றி ஒரு வார்த்தை. மக்கள் பாடவேண்டிய இடத்தில் பாடகர் மைக்கை விட்டு இரண்டடி தள்ளி நிற்கவேண்டும். தன் குரல் தனக்கே கேட்காத இடத்தில் யாரும் பாட மாட்டார்கள்.

சந்தக்கோல்:
சதுர நோட்டுக்குப் பயப்படாதீர்கள். இடது ஓரத்தில் சி வடிவக் குறி எந்தக் கோட்டில் இருக்கிறதோ அது ச. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் கீழ் நோட்டு முதலில். பக்கத்தில் புள்ளி இருந்தால் நீட்டவேண்டும். ஒரே பயிற்சியில் பிடிபட்டுவிடும்.

லத்தீன் சர்ச்சையில் இரு கட்சிக்கும் பாதி நியாயம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு (1963) தாய்மொழிக்கு வழிவிடுகிறது. மக்கள் தங்களுக்குரிய பகுதிகளை லத்தீனிலும் பாடத் தெரிந்திருக்கவேண்டும் என்று 54-ஆம் எண்ணிலும், கிரகோரியனுக்கு முதலிடம் என்று 116-ஆம் எண்ணிலும் சொல்கிறது. எனவே கிரியே, சாங்க்துஸ், ஆக்னுஸ் மூன்றும் லத்தீன்/கிரேக்கம், திருப்பாடல் தமிழ் என்று பிரிக்கலாம். திருப்பாடல் ஓதும் கிரகோரியன் மெட்டுகளில் எட்டாம் தொனி தமிழுக்கு அழகாகப் பொருந்தும். சங்கராபரண ஸ்வர இடைவெளிகளில், ச-வில் ஓதுவதாக வைத்துப் பாருங்கள்:

ஆண் (ப) ட (த) வ (ச) ரே (ச) என் (ச) ஆ (ரி) யர் (ச) *
எ (ச) னக் (ச) கே (ச) தும் (ச) கு (நி) றை (ச) யில் (த) லை (ப)

இதில் ப, த, நி மூன்றும் கீழ் ஸ்தாயி. தொடக்கத்து ‘ப த ச’ முதல் வரிக்கு மட்டும். மற்ற வரிகளை நேரே ச-வில் தொடங்குங்கள். நட்சத்திரக் குறியில் எல்லோரும் சேர்ந்து ஒரு மூச்சு நிறுத்தவேண்டும். அங்கே ஒருவர் முந்தினாலும் வரி சிதறிவிடும். பாடுவதற்கு முன் இரண்டு முறை பேச்சு வேகத்தில் சொல்ல வையுங்கள். ஓதும் ஸ்வரத்தில் எல்லா எழுத்தையும் ஒரே அளவாக அடித்தால் தட்டச்சு போல ஒலிக்கும். குறில் குறிலாகவும் நெடில் நெடிலாகவும் இருக்கட்டும்.

பலகணி:
கீபோர்டு. குரு சத்தமாகச் சொல்லும் மன்றாட்டுகளுக்கு அடியில் இசைக்கருவி கூடாது என்பது திருப்பலி நூலின் பொது விதி (எண் 32). ‘பின்னணியில் மெல்ல’ வாசிப்பதும் அதில் அடங்கும். ஓதும் மெட்டுக்குத் தாளக்கட்டு இல்லை, ரிதம் பெட்டி ஓடினால் சொல்லை இழுத்துத் தாளத்தில் அடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். ரிதத்தை அணைத்துவிட்டு ஆர்கன் ஒலியில் நீளமான சுரங்கள் மட்டும் வைக்கலாம்.

தொடங்கத் தோதான நேரம் தவக்காலம். அப்போது கருவிகள் பாட்டைத் தாங்க மட்டுமே (எண் 313, நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விலக்கு). உன்னதங்களிலே, அல்லேலூயா இரண்டும் இல்லாததால் கற்றுக்கொள்ள வேண்டியதும் குறைவு. ‘ஏன் கீபோர்டு இல்லை’ என்று கேட்பவர்களுக்குத் திருச்சபையே பதில் வைத்திருக்கிறது!

மக்களுக்குப் பயிற்சி திருப்பலிக்கு முன் ஐந்து நிமிடம், ஒரே ஒரு வரி. மணியடிக்கும்வரை இழுக்காதீர்கள், கடைசி இரண்டு மூன்று நிமிடம் மௌனத்துக்கு விடுங்கள். எட்டுப் பேரில் இருவரை மக்கள் நடுவே பெஞ்சில் உட்கார வைத்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் துணிச்சல் வரும். திருவிருந்துக்கு வரிசையில் நடப்பவர் கையில் தாளைத் திணிக்கவேண்டாம். மனப்பாடமாகும் ஒற்றை வரிப் பல்லவி அவர்களுக்கு, திருப்பாடல் வரிகள் குழுவுக்கு.

புதுக்குரல்:
நன்றி. ‘கின்றது’ என்று முடியும் வரியில் கடைசி ‘து’வை நீட்டினால் காதுக்கு உறுத்துகிறதே?

சந்தக்கோல்:
குற்றியலுகரத்தை நீட்டினால் அப்படித்தான். முந்தைய ‘ற’வை த-வில் கொஞ்சம் தாங்கி நிறுத்தி, ‘து’வை ப-வில் தொட்டு விட்டுவிடுங்கள்.