அப்பாவின் டாடாமொபைல் 206: பவர் ஸ்டீயரிங் பொருத்த உதவி தேவை

வணக்கம். 1988இல் அறிமுகமான டாடாமொபைல் 206 வகையைச் சேர்ந்த, கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஈரோட்டுக்கு மஞ்சள் மூட்டை ஏற்றிச் சென்ற எங்கள் பழைய பிக்கப்பை, தோள்வலியுள்ள என் அப்பா மீண்டும் தாமே ஓட்டும்படி சீரமைத்து வருகிறேன். சேஸிஸ் உறுதியாக இருக்கிறது. அரித்துப்போன தரைத்தகட்டுக்கு நாமக்கல்லிலோ கரூரிலோ டிங்கர் வேலைக்கு ஆள் கிடைப்பார்கள் (பட்டி பூசி மறைப்பவர்கள் வேண்டாம்). ஸ்டீயரிங்தான் சிக்கல்; அப்பாவின் தோளுக்காக அதைத் திருப்ப உதவும் பவர் ஸ்டீயரிங்கைப் பொருத்த வேண்டும். அதற்கான பம்பின் புல்லியும் (பெல்ட் ஓடும் சக்கரம்) எஞ்சின் புல்லியும் ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டால் பெல்ட் விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், இவ்வேலையில் அனுபவமுள்ள பட்டறை கோவை, திருப்பூர் பக்கம் இருந்தால் தெரிவியுங்கள். வாகனத்தில் செய்யும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதால், இத்தகைய மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்புதல் பெற்றவர்கள் எந்தெந்த ஆவணங்களைக் கொடுத்தார்கள் என்பதையும் சொன்னால், வேலையைத் தொடங்கும் முன்பே விண்ணப்பித்துவிடுவேன்.