தகவல் திறனை அளக்கக் கொள்குறித் தேர்வு போதுமா?

அளவுகோல்:
முதலாண்டு மாணவர் 600 பேரின் எண்ணிமத் (டிஜிட்டல்) திறனையும், தகவலைத் தேடி எடைபோடும் தகவல் திறனையும் இரண்டே வாரத்தில் அளந்தாக வேண்டும் என்றால், 40 கொள்குறி (தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்) வினாக்களை விட்டால் வேறு வழியில்லை. ஒரு மணி நேரம்; கணினியே திருத்திவிடும். மோசமான வினாவையும் பிடித்துவிடலாம். மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27% பேரில் சரியாக எழுதியவர் விகிதத்திலிருந்து, கீழே உள்ள 27% பேரின் விகிதத்தைக் கழியுங்கள். 0.20க்குக் கீழே வந்தால் அந்த வினாவைத் தூக்கிவிடலாம். தேடிக் காட்டச் சொல்லும் செய்முறைத் தேர்வில் இந்த வசதி உண்டா?

குறுக்குவாசி:
வடிகட்டி நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே ஊற்றுவது எதை? 'நம்பகமான தளத்தின் அடையாளம் எது' என்று கேட்டால் ஆசிரியர் பெயர், தேதி, முகவரியில் டாட் ஆர்க் (.org) என்று எல்லாரும் டிக் அடிப்பார்கள். ஏமாற்றுத் தளம் நடத்துபவருக்கும் அந்தப் பட்டியல் தெரியும்.

ஸ்டான்ஃபோர்டில் வைன்பர்க்கும் மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 10 வரலாற்றாய்வாளர், 10 தகவல் சரிபார்ப்பாளர், 25 இளங்கலை மாணவர். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தை முழுக்கப் படிக்காமலே புது டேப் திறந்து, நடத்துவது யார் என்று வெளியே தேடினார்கள். மாணவர்களோ அந்தப் பக்கத்திலேயே நின்று வடிவமைப்பையும் லோகோவையும் பார்த்துப் பெரும்பாலும் கோட்டை விட்டார்கள். இந்தப் பழக்கம் இருக்கிறதா என்பதை நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கண்டுபிடிக்க முடியாது.

புதியவன்7:
'உங்கள் தேடல் திறனுக்கு 5க்கு எவ்வளவு தருவீர்கள்' என்று அவர்களையே கேட்டுவிட்டால்?

அளவுகோல்:
அது தன்னம்பிக்கையை அளக்கும், திறனை அல்ல. இதில் நானும் குறுக்குவாசியும் ஒரே கட்சி.

ஆனால் குறுக்குவாசி, கணக்குப் போடுங்கள். செய்முறைத் தேர்வில் ஒரு மாணவர் தாளுக்கு 15 நிமிடம் என்று திருத்தினால் 600 பேருக்கு 150 மணி நேரம். இருவர் திருத்தினால் 300. அப்படியும் இருவர் மதிப்பெண்ணும் ஒத்துப்போகாது.

நூலக மேசை:
எதற்காக அளக்கிறீர்கள் என்பதை இருவருமே சொல்லவில்லை. பாடத்திட்டம் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் என்றால் 600 பேரும் வேண்டாம். குலுக்கி எடுத்த 120 பேர் போதும். தனி மாணவருக்கு மதிப்பெண் போடுவதானால்தான் எல்லாரும் எழுத வேண்டும்.

திருத்த நேரமாவது நீண்ட கட்டுரை கேட்பதால். மூன்று பணிகள், தலா 8 நிமிடம், விடை மூன்று வரி. பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்பினால் 0. வெளியே தேடியும் கண்டதை முடிவில் பயன்படுத்தாவிட்டால் 1. நடத்துபவர் யார், அதனால் நம்பகத்தன்மை எப்படி மாறுகிறது என்று எழுதினால் 2. முதலில் 30 தாள்களை இருவர் தனித்தனியே திருத்தட்டும். இருவர் மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கப்பா மதிப்பு 0.6க்குக் கீழே போனால், மீதியைத் தொடாமல் இந்த 0, 1, 2 அளவுவிதியைத் திருத்தி எழுதுங்கள்.

அளவுகோல்:
விடையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு ஒட்டினால்?

குறுக்குவாசி:
அதன் விடையையே வினாவாக்குங்கள். ஐந்து மேற்கோள்களோடு ஒரு பத்தி. ஒன்றின் டிஓஐ எண் (ஆய்வுக் கட்டுரைக்குரிய நிரந்தர இணைய அடையாள எண்) எங்கும் திறக்காது. இன்னொன்று வேறு கட்டுரைக்குப் போகும். மூன்றாவது கட்டுரை உண்மையானது, ஆனால் பத்தி சொல்வதை அது சொல்லாது. சிக்குவது இந்த மூன்றாவதில்தான். இணைப்பு திறந்துவிட்டதே என்று உள்ளே படிக்காமல் விட்டுவிடுவார்கள். தேர்வன்று காலை எல்லா இணைப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள், பக்கம் மாறியிருக்கலாம்.

அளவுகோல்:
சரி, மூலத்தை எடைபோடுவதைச் செய்முறைக்கு விட்டுத்தருகிறேன். தரவுத்தளத் தேடல், பதிப்புரிமை, கடவுச்சொல் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு 15 கொள்குறி வினாக்கள் இருக்கட்டும். இரண்டு மதிப்பெண்ணையும் கூட்டாதீர்கள். இங்கே 14, அங்கே 0 வாங்கியவர் கூட்டுத்தொகையில் ஒளிந்துகொள்வார்.

குறுக்குவாசி:
தரவுத்தளத் தேடலையும் தேடுபெட்டியிலேயே தட்டச்சொல்லுங்கள். தேடுசொற்களுக்கு நடுவே 'ஆர்' (OR, இதுவோ அதுவோ) போட்டால் முடிவுகள் கூடும் என்று கொள்குறியில் சரியாக டிக் அடிப்பவர், அதை 'ஆண்ட்' (AND, இரண்டும்) உடன் சேர்க்கும்போது அடைப்புக்குறி போட மறந்துவிடுவார்.