தளம் ஒழுகினால் முதல் கேள்வி யாருக்கு?

தூக்குகுண்டு:
புது வீட்டு மேல்தளத்தில் ஈரம் தெரிந்ததும் ஒரு சங்கிலி தொடங்கும். வீட்டுக்காரர் மேஸ்திரியைச் சொல்வார், மேஸ்திரி தகடு அடித்து முட்டுக் கொடுத்த சென்ட்ரிங்காரரை, சென்ட்ரிங்காரர் கம்பி கட்டினவரை. கடைசியில் எல்லாரும் சேர்ந்து சிமென்ட் கம்பெனியைத் திட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இந்த இழையில் அடுத்தவர் தப்பு வேண்டாம். அவரவர் கையில் இருந்தது எது, எங்கே நழுவுகிறது, அதை அளவோடு எழுதுங்கள்.

கலவைத் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். எம்20 என்ற தரக் கான்கிரீட்டை 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) என்று போடும்போது 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர் போதும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 இந்தக் கலவைக்குச் சொல்லும் உச்சவரம்பே 30 லிட்டர்தான். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். மூட்டைக்குச் சுமார் 80 கிலோ மணல் விழும். அதில் 5 சதவீத ஈரம் என்றால் 4 லிட்டர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. சிமென்ட் இறுக அதன் எடையில் கால் பங்கு நீரே போதும், மீதி கலவை இளகத்தான். அந்த மீதி ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளை, பிறகு மழைநீர் இறங்கும் பாதை.

20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றை எடுத்து, உள்பக்கம் 5 லிட்டருக்கு ஒரு கோடு கீறி மிக்ஸர் பக்கத்தில் வையுங்கள். குழாயை நேரே டிரம்முக்குள் விட அனுமதிக்காதீர்கள். பதினோரு மணி வெயிலில் "கெட்டியா இருக்கு, ரெண்டு மக்கு ஊத்து" என்று குரல் வரும். அதைத் தடுக்க வேண்டிய வீட்டுக்காரர் பெரும்பாலும் அந்நேரம் பிரியாணி அண்டாவைப் பார்க்கப் போயிருப்பார்.

கவர்பிளாக்:
கம்பி வேலைக்கு வருகிறேன். அடிக்கம்பிக்குக் கீழே 20 மி.மீ. கவர் பிளாக் (கம்பியைத் தகட்டில் படாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை), மீட்டருக்கு ஒன்று. ஜல்லித் துண்டைச் சொருகினால் மிதித்ததும் நழுவும், கம்பி சென்ட்ரிங் தகட்டில் படியும், சில வருடத்தில் துரு வீங்கிப் பூச்சு பெயர்ந்து விழும்.

இதைவிட மோசம் மேல்கம்பி. பீமுக்கு மேலே, சுவரை ஒட்டி வரும் கம்பிகள் தளத்தின் மேல்பக்கமே நிற்க வேண்டும். 5 அங்குலத் தளத்தில் அந்தக் கம்பி வேலை செய்யும் ஆழம் ஏறக்குறைய 4 அங்குலம். சித்தாள் சட்டியோடு மிதித்து ஒரு அங்குலம் இறங்கினாலே கால்வாசி ஆழம் போச்சு. பிறகு பீமை ஒட்டி நேர்கோடாக மேலே வெடிப்பு வரும். கம்பியை வளைத்துச் செய்த சேர் (மேல்கம்பியைத் தாங்கும் கால்) வைத்து, நடக்கப் பலகை போட்டால் தீர்ந்தது. பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் இது உயிர் விஷயம்: அங்கே பாரம் தாங்குவதே மேல்கம்பிதான். அது கீழே போய்விட்டால் முட்டுக்கழிகளைக் கழற்றும் அன்றே ஆள்மேல் விழலாம்.

எலக்ட்ரிகல் பைப்பைக் கடைசி நேரத்தில் ஓட்டுவதும் உண்டு. ஃபேன் பாக்ஸ் அருகே 25 மி.மீ. பைப் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் 2 அங்குலம் வெறும் காற்று. பாயின்ட் எங்கே என்று முதல் நாள் வரை முடிவு செய்யாதது வீட்டுக்காரர். எலக்ட்ரீஷியனை ஏன் திட்ட வேண்டும்?

நாலுசாக்கு:
கியூரிங், அதாவது போட்ட கான்கிரீட்டைக் காயவிடாமல் ஈரமாகவே வைப்பது, முழுக்க வீட்டுக்காரர் கணக்கு. கூலி வாங்கிக்கொண்டு மேஸ்திரி போன பிறகுதான் அது தொடங்குகிறது. ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்) என்றால் குறைந்தது 7 நாள். இப்போது பெரும்பாலும் வாங்குவது பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமென்ட்), அதற்குக் குறைந்தது 10 நாள், 14 நல்லது. காலை மாலை ஹோஸில் பீய்ச்சுவது கியூரிங் ஆகாது. நடுப்பகலில் காய்ந்து மறுபடி நனைந்தால் மேற்பரப்பு வலையாக வெடிக்கும்.

போட்ட அன்று மாலையே ஈரச்சாக்கு விரியுங்கள். மறுநாள் சிமென்ட் குறைந்த கலவையில் வரப்பு எடுத்துப் பாத்தி கட்டி 2 அங்குலம் நீர் நிறுத்துங்கள். 1,000 சதுர அடிக்கு இது சுமார் 4,700 லிட்டர், தினமும் வற்றுவதற்கு மேல்நிரப்பு தனி. தண்ணீருக்கு ஏற்பாடு செய்துகொண்டு தளத்துக்கு நாள் குறியுங்கள். தூணுக்குச் சாக்கு சுற்றி நனைப்பதைப் பாதிப்பேர் மறந்தே போகிறார்கள்.

கடலோரத்தில் போர் தண்ணீரை முதலில் சோதனைக்குக் கொடுங்கள். கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உப்பு நீரில் கலந்துவிட்டு, துருப்பிடித்ததும் கம்பி கம்பெனியை இழுப்பதில் பயனில்லை.

கரண்டி:
மேஸ்திரிங்க எங்க பக்கமும் சொல்லிடறேன். "ஓனர் அவசரப்படுத்தினார்"னு மேஸ்திரி சொல்றதும் பழி போடறதுதான். பிடிக்கலைன்னா கலவையை நிறுத்தணும், கரண்டி நம்ம கையிலதான இருக்கு? இறுகின கலவைல தண்ணி தெளிச்சுக் கிளறி ஓட்டக் கூடாது, கொட்டிடணும். மெஷின் நின்னுபோனா கண்ட இடத்துல நிறுத்தாதீங்க. பீமை ஒட்டி வேணாம், ரெண்டு பீமுக்கு நடுவாந்தரமா பலகை வெச்சு நேரா நிறுத்துங்க. மறுநாள் அந்த முகத்தைக் கொத்தி, கழுவி, சிமென்ட் பால் அடிச்சுட்டுத்தான் தொடரணும். முட்டு கழட்டற விஷயம்: 4.5 மீட்டர் வரை அகலமான தளத்துக்கு 7 நாள், அதுக்கு மேல 14 நாள். அதுவே ஓ.பி.சி. கணக்கு. பி.பி.சி.ன்னா இன்னும் விடுங்க. சென்ட்ரிங்காரர் அடுத்த சைட்டுக்குத் தகடு கேட்டா, "தர முடியாது"ன்னு சொல்ல வேண்டியது நாமதான்.

புதுமனை:
எல்லாவற்றையும் வீட்டுக்காரர் தலையில் கட்டினால், சதுர அடிக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்ட் கொடுப்பது எதற்குச் சார்?

தூக்குகுண்டு:
நியாயமான கேள்வி. கான்ட்ராக்டர் பொறுப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்க உங்களிடம் கணக்கு வேண்டும். 1,000 சதுர அடி, 5 அங்குலத் தளம் என்றால் 417 கன அடி, ஏறக்குறைய 11.8 கன மீட்டர். கன மீட்டருக்கு 8 மூட்டை வீதம் 94 மூட்டை போக வேண்டும், பீம் தனி. காலிச் சாக்கை எண்ணினீர்களா? 70தான் இருந்தால் அன்று மாலையே கேட்கலாம். கம்பியும் கவர் பிளாக்கும் தெரிகிற மாதிரி அறை அறையாகப் போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்திருந்தால் வாக்குவாதமே வராது.

ஏற்கெனவே ஒழுகுகிறவர்கள் கெமிக்கல் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். மேலே வடிகால் வாயை அடைத்து 2 அங்குலம் நீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். கீழே ஈரத்தின் ஓரத்தைச் சாக்பீஸால் வரைந்து பக்கத்தில் மணியை எழுதுங்கள். ஈரம் பீமை ஒட்டி நீளமாக வந்தால் மேல்கம்பியைச் சந்தேகியுங்கள். ஃபேன் பாக்ஸைச் சுற்றி என்றால் பைப். அறை முழுக்கத் திட்டுத் திட்டாக என்றால் கலவைத் தண்ணீர் அல்லது கியூரிங். கைப்பிடிச் சுவர் அடியில் என்றால் தளத்தைத் தொடவே வேண்டாம், அந்த மூலையில் பூச்சைக் கொத்தி உருட்டு வைத்து (மூலையை வளைவாக்கி) பூசுங்கள். மழையே இல்லாத வாரத்திலும் காயாத ஈரம் மேல்மாடி பாத்ரூமுடையது, பிளம்பரைக் கூப்பிடுங்கள்.