பிசாக், சின்செரோ, ஒத்தவாலோ: ஆண்டீஸ் மலைச் சந்தைகளில் நாங்கள் கண்டதும் தின்றதும்

நூல்கண்டு:

பெருவுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் மச்சு பிச்சு போகும் வழியில் பிசாக்கில் அரை மணி நேரம் இறங்கி, காதுமூடிய தொப்பி ஒன்றும் ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றும் வாங்கிக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். சந்தைக்கென்றே ஒரு நாளை ஒதுக்குங்கள், அதுவும் ஞாயிறாக இருக்கட்டும் என்று சொல்லத்தான் இந்த இழையை ஆரம்பிக்கிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தைப் போடுங்கள்.

குஸ்கோவிலிருந்து பிசாக் 33 கிலோமீட்டர்தான். பூபூத்தி தெருவில் ஷேர் வேன்கள் நிற்கும். ஆள் நிரம்பியதும் கிளம்பிவிடும். குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பிசாக் அதைவிட ஏறக்குறைய 400 மீட்டர் கீழே. உயரத்தால் தலைவலி வருகிறவர்கள் முதலில் இந்தப் பள்ளத்தாக்கில் தங்கிவிட்டு அப்புறம் குஸ்கோ ஏறுவது நல்லது.

ஊருக்கு மேலே மலைச்சரிவு முழுக்க இன்கா காலத்துப் படிக்கட்டு வயல்கள். கைவினைக் கடைகள் எல்லா நாளும் திறந்திருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் மேல் கிராமத்துப் பெண்கள் முதுகில் கட்டிய வண்ணத்துணிக்குள் உருளைக்கிழங்கும் சோளமும் கீரையும் சுமந்து வந்து தரையில் விரிக்கிறார்கள். கிழங்கு என்றால் நாம் பார்க்கிற ஒரே ரகம் இல்லை: கருஊதா, மஞ்சள், உள்ளே சிவப்பு வளையம் போட்டது, முண்டும் முடிச்சுமாக இருப்பது. காசே கைமாறாமல் கிழங்குக்குச் சோளம் என்று மாற்றிக்கொள்கிறவர்களையும் பார்த்தேன். உயரத்தில் கிழங்கு விளையும், கீழே சோளம் விளையும், இருவருக்கும் இரண்டும் வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. காலையில் தேவாலயத்தில், இந்த மலைமக்களின் கெச்சுவா மொழியில் பூசை நடக்கிறது. அதற்குக் கிராமத் தலைவர்கள் வெள்ளிப் பூண் போட்ட கோலுடன் வரிசையாக வருகிறார்கள், முன்னால் ஒருவர் சங்கு ஊதுகிறார். கடல் எங்கே இருக்கிறது, இவர்கள் எங்கே இருக்கிறார்கள்!

சரி, துணிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஜவுளி வியாபாரம், அதனால் கண் முதலில் அங்கேதான் போகும்.

வரிசையாகப் பத்துக் கடை தாண்டினால் பத்திலும் ஒரே லாமா படம் போட்ட ஒரே சால்வை. எல்லாமே ‘பேபி அல்பாக்கா’ என்பார்கள் (அல்பாக்கா என்பது லாமாவின் உறவுக்கார விலங்கு). வழிகாட்டிகளே இதை ‘மேபி அல்பாக்கா’ என்று கிண்டல் செய்கிறார்கள். பெரும்பாலும் அக்ரிலிக், அல்லது கொஞ்சம் கம்பளி கலந்தது. பேபி அல்பாக்கா என்றால் குட்டியின் மயிர் என்று அர்த்தமில்லை. வளர்ந்த விலங்கின் மயிரிலும் மிக மெல்லிய தரத்துக்கு அந்தப் பெயர்தான். உண்மையானது கையில் எடுத்ததும் குளிர்ச்சியாக, கொஞ்சம் கனமாக இருக்கும். இருபது முப்பது சோலுக்கு (சோல் பெருவின் நாணயம்) ஒரு ஸ்வெட்டர் என்றால் கேள்வியே வேண்டாம், அது அக்ரிலிக். அணிவதற்கு மோசமில்லை, தெரிந்து வாங்கினால் சரி. விகுன்யா என்று யாராவது மலிவாக நீட்டினால் நகர்ந்துவிடுங்கள். அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. அசலுக்கு உரிய முத்திரை இருக்கும், ஒரு துண்டே நூற்றுக்கணக்கான டாலர்.

கைத்தறியைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், இதைக் கடைக்காரம்மாவே எனக்குச் செய்து காட்டினார். ஓரத்தைப் பாருங்கள். இங்கே பாவு நூலை, அதாவது நெடுக்கு இழையை, எவ்வளவு நீளத்துக்குத் துணி வேண்டுமோ அவ்வளவுக்கே பூட்டி, கடைசி இழை வரை நெய்து முடிக்கிறார்கள். அதனால் நாலு பக்கமும் கரைதான், வெட்டு என்பதே கிடையாது. நீளமாக நெய்து துண்டு போட்டதில் இரண்டு முனையாவது வெட்டி மடித்துத் தைத்திருக்கும். அடுத்து, துணியைத் திருப்புங்கள். பூவேலைப் பட்டையில் முன்பக்கம் வெள்ளையில் சிவப்பு என்றால் பின்பக்கம் அதே உருவம் சிவப்பில் வெள்ளையாக இருக்க வேண்டும். தொங்கும் நூல் எதுவும் இருக்காது. உருவம் வருவது பாவில், குறுக்கே போகும் ஊடை வெளியே தெரிவதே இல்லை. நம் ஊர்ச் சேலைக்கரையில் ஊடையில் புட்டா போட்டுப் பழகிய கண்ணுக்கு இது புரியவே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

நெய்வதை உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் சின்செரோ போங்கள், 3,700 மீட்டருக்கு மேலே. அங்கேயும் ஞாயிறு சந்தை உண்டு, பக்கத்திலேயே இன்காச் சுவர்மேல் எழுப்பிய தேவாலயம். தறியின் ஒரு முனை கம்பத்தில், மறுமுனை நெய்கிறவர் இடுப்பில். பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். லாமா எலும்பைத் தீட்டிச் செய்த குத்தூசி போன்ற ஒன்றால் இழைகளைத் தூக்கி ஊடையை அடித்து இறுக்குகிறார். வரைபடம் எதுவும் கிடையாது, மனக்கணக்கில் இழை எண்ணி எடுக்கிறார். பேசிக்கொண்டேயும் எடுக்கிறார்!

சாயம் காட்டிய பெண், சப்பாத்திக்கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்தது ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் நிறத்தில் மிளகைவிடச் சின்னது. விரலால் நசுக்கியதும் ரத்தச் சிவப்பு. அதில் எலுமிச்சை இரண்டு சொட்டு விழுந்ததும் ஆரஞ்சு, ஏதோ ஓர் உப்பைத் தூவியதும் ஊதா. கையில் அந்தக் கறை மறுநாளும் இருந்தது.

பேரம்? அக்ரிலிக் சால்வைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், அவர்களும் அதற்கு இடம் வைத்துத்தான் சொல்கிறார்கள். இரண்டு மூன்றாக எடுத்தால் தானாகவே குறையும். கைத்தறியில் பேசாதீர்கள் என்பது என் கட்சி. வாரக்கணக்கில் இடுப்பு வலிக்க நெய்ததில் பத்து சோல் குறைத்து நாம் என்ன சம்பாதிக்கப் போகிறோம்? பேரமே பிடிக்காது என்றால் குஸ்கோ நகரிலேயே பாரம்பரிய நெசவு மையம் இருக்கிறது. சின்செரோக்காரரான நில்டா கல்யன்யாவுப்பா என்ற நெசவாளர் 1996-இல் தொடங்கியது. நெய்தவர் பெயரே சீட்டில் இருக்கும், ஒரே விலை.

சோறு முக்கியம்:

நூல்கண்டு சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, அதனால் நான்.

பிசாக்கில் மண் அடுப்புகளைத் தவற விடாதீர்கள். விறகு எரித்த பெரிய அடுப்பிலிருந்து, மாவுக்குள் பூரணம் வைத்து மடித்த எம்பனாதா சுடச்சுட வரும், உள்ளே பாலாடைக்கட்டி வெங்காயம் வைத்தது சைவர்களுக்கு ஆகும். அடுப்புக்குப் பக்கத்தில் குட்டிக் கோட்டை மாதிரி மண்வீடு கட்டி அதில் கினிப்பன்றிகள் ஓடிக்கொண்டிருக்கும். என் மகள் ‘ஐ, செல்லப்பிராணி’ என்று குனிந்தாள். அவை மெனு என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

தெருவில் விற்கிற அவித்த சோளம் சாப்பிடுங்கள். ஒவ்வொரு மணியும் கட்டைவிரல் நகத்தளவு, இனிப்பே இருக்காது, மாவாக இருக்கும். கூட ஒரு துண்டு உப்புப் பாலாடைக்கட்டி. பச்சை நிறச் சட்னி ஒன்று வைப்பார்கள், பெயர் உச்சுகுத்தா. ரொக்கோத்தோ என்ற குண்டு மிளகாயையும் மலை மூலிகைகளையும் கல்லில் அரைப்பது. அந்தக் கல் நம் அம்மிதான், குழவியை மட்டும் உருட்டாமல் இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி அரைக்கிறார்கள். ரொக்கோத்தோவைப் பிளந்தால் விதை கருப்பாக இருக்கும். காரம்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற ஆந்திர நண்பர் ஒருவர் எங்களுடன் இருந்தார். அவர் அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும்தான் குடித்தார்.

கருப்பாக, கூழாங்கல் போலக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்காமல் போகாதீர்கள். சூன்யோ என்கிற உருளைக்கிழங்கு வற்றல். ஜூன் மாதக் கடுங்குளிரில் இரவெல்லாம் புல்லில் பரப்பி உறையவிட்டு, பகலில் வெயிலில் இளகியதும் காலால் மிதித்து நீரைப் பிழிவார்கள். இப்படியே சில நாள் செய்து காயவைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஓடும் நீரில் ஊறவைத்து எடுப்பது வெள்ளை ரகம், அதற்கு மொராயா என்று பெயர். ருசி? உண்மையைச் சொன்னால், ஈரமண் வாசனையோடு ரப்பர் மாதிரி. சூப்பில் போட்டால் பிழைத்துக்கொள்ளும்.

குஸ்கோவில் சான் பெத்ரோ சந்தையில் ஜூஸ் அக்காக்கள் வரிசை இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் கை தட்டிக் கூப்பிடுவார்கள், யாரையாவது ஒருவரைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்துவிட வேண்டும். கண்ணாடி டம்ளர் காலியானதும் மிக்ஸியில் மிச்சமிருப்பதையும் கொசுறாக ஊற்றுவார்கள், அங்கே அதற்கு யாப்பா. கேட்காவிட்டாலும் வரும்.

சைவர்கள் கவனம்: இறைச்சி வேண்டாம் என்றால் கோழி வைத்துவிடுவார்கள், கோழியை அவர்கள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கினுவா என்ற தானியத்தில் செய்யும் சூப்பும் பெரும்பாலும் எலும்புச் சாறில்தான். கோழியும் வேண்டாம், சாறும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

பள்ளத்தாக்கில் வீட்டு வாசலில் கழியில் சிவப்புப் பை கட்டியிருந்தால் அங்கே சோளக் கள் இருக்கிறது என்று பொருள். முதல் வாயைத் தரையில் ஊற்றிப் பூமித்தாய்க்குக் கொடுத்துவிட்டுக் குடிக்க வேண்டும். புளிப்பு, லேசான போதை. குழந்தைகளுக்கு ஊதாச் சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்போடு கொதிக்கவைத்த சிச்சா மொராதா இருக்கிறது, அதில் போதை கிடையாது.

எக்வடோர் வாசி:

வேலை விஷயமாக எக்வடோர் தலைநகர் கீத்தோவில் இருக்கிறேன். ஒத்தவாலோ சனிக்கிழமைச் சந்தையைப் பற்றிக் கொஞ்சம். கீத்தோவிலிருந்து வடக்கே பேருந்தில் இரண்டு மணி நேரம். இங்கே 2000-லிருந்து அமெரிக்க டாலர்தான் புழக்கம், சில்லறை நிறைய வைத்துக்கொள்ளுங்கள். இருபது டாலர் தாளை நீட்டினால் முகம் மாறும்.

விடியற்காலையில் முதலில் மாட்டுச் சந்தைக்குப் போங்கள். பன்றி, ஆடு, கோழி, சாக்குக்குள் கினிப்பன்றி என்று ஒரே களேபரம். அது கலைந்த பிறகு பொஞ்சோ சதுக்கம். ஆண்கள் ஒற்றைப் பின்னலோடு, பெண்கள் வெள்ளைச் சட்டை, கருநீலச் சுற்றுப்பாவாடை, கழுத்தில் பல வரிசைப் பொன்மணியோடு கடை போட்டிருப்பார்கள். இவர்கள் தேர்ந்த வியாபாரிகள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தெருவில் துணி விற்கிற ஒத்தவாலோக்காரர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே பரிதாபப்பட்டு வாங்குகிற வேலை இங்கே தேவையில்லை. துணியில் பெரும்பகுதி விசைத்தறி. கைத்தறி பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் பெகுச்சே கிராமம்.

காலையில் நாள் முதல் வியாபாரம் என்னிடம் நடந்தது. அந்தப் பாட்டி நான் கொடுத்த தாளால் சிலுவை போட்டுக்கொண்டார். நம் ஊர்ப் போணி நினைவுக்கு வந்ததில் பேரம் பேச வாய் வரவில்லை.

சாப்பாட்டுக்கு 24 தே மாயோ சந்தை. முழுப் பன்றியைச் சுட்டு நிறுத்தியிருப்பார்கள். அது வேண்டாதவர்களுக்கு யாப்பிங்காச்சோ, அதாவது உள்ளே பாலாடைக்கட்டி வைத்த உருளைக்கிழங்கு அடை, மேலே வேர்க்கடலைக் குழம்பு.

சைதைத் தமிழன்:

கொச்சினீல் பூச்சிக்கும் எங்கள் பேட்டைக்கும் பழைய தொடர்பு இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் இதை வளர்ப்பதற்காகவே சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். சிவப்புச் சாயத்தில் ஸ்பெயின்காரர்கள் மட்டும் கொழிக்கிறார்களே என்ற எரிச்சல். வந்து சேர்ந்த பூச்சி மட்டரகம், திட்டம் தேறவில்லை.

ஒரு கேள்வி: அங்கே தருகிற கோகா இலைத் தேநீர்ப் பைகளை ஊருக்குக் கொண்டுவரலாமா?

நூல்கண்டு:

கூடவே கூடாது. பெருவில் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், ஓட்டல் வரவேற்பறையில் சும்மாவே தருவார்கள். ஆனால் இந்தியாவில் கோகா இலை 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. தேநீர்ப் பை, மிட்டாய் எதுவானாலும் அங்கேயே குடித்துத் தின்று முடித்துவிட்டு வாருங்கள். பச்சைக் கிழங்கு, விதைச் சோளம் எல்லாம் விமான நிலையத் தாவரச் சோதனையில் பிடுங்கப்படும். துணிக்கு எந்தத் தடையும் இல்லை. பூச்சி வராமல் வேப்பிலையோடு மடித்து வைத்தால் போதும்.