அம்மாவுக்கு முன்பல் இம்ப்ளான்ட், தை மாசக் கல்யாணத்துக்குள்ள முடியுமா?

திருப்பாதிரிப்புலியூர் பொண்ணு:
வணக்கம், விஷயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. அம்மாவுக்கு 56 வயசு, சுகர் இருக்கு. ஒன்றரை வருஷம் முன்னாடி பஸ்ல சடன் பிரேக் போட்டப்ப முன்சீட்டு கம்பியில இடிச்சு மேல் முன்பல் ஒண்ணு ஆடி ஆடி கடைசியில எடுத்துட்டாங்க. கழட்டி மாட்டுற பல் ஒண்ணு வாங்கிக் குடுத்தோம், ஆனா சாப்பிட உக்காந்தா அதை கழட்டி டம்ளர் தண்ணியில போட்டுடுறாங்க, யாராவது வீட்டுக்கு வந்தா சிரிக்கும்போது முந்தானையால வாயை மூடிக்கிறாங்க. தம்பிக்கு தை மாசம் கல்யாணம், இன்னும் மூணு மாசம் கூட இல்ல. மஞ்சக்குப்பத்துல ஒரு டாக்டர் ஸ்கேன் எடுத்துட்டு எலும்பு மெலிஞ்சு போச்சு, எலும்பு பவுடர் வச்சுதான் இம்ப்ளான்ட் (தாடை எலும்புல பதிக்கிற டைட்டானியம் திருகு, அது மேலதான் பல் மாட்டுவாங்க) போடணும், எல்லாம் முடிய ஏழெட்டு மாசம்னு சொல்லிட்டாங்க. பாண்டியில இன்னொரு இடத்துல ஒரே வாரத்துல ஃபிக்ஸ்டு பல்லுங்கறாங்க. எதை நம்புறது? கல்யாண போட்டோவுல அம்மா கையை எடுத்துட்டு சிரிக்கணும், எனக்கு அது போதும்.

முதுநகர் அண்ணன்:
தங்கச்சி, எனக்கு கீழ் கடவாப்பல் இம்ப்ளான்ட் போட்டு நாலு வருஷம் ஆவுது. மரத்துப்போக ஊசி போட்டதால வலி தெரியல, தாடை அதிர்ற மாதிரி இருந்துச்சு, மறுநாள் கன்னம் வீங்கி ஐஸ் வச்சேன், அவ்வளவுதான். மூணு மாசம் எலும்புல ஊற விட்டுட்டுதான் மேல கேப் மாட்டினாங்க. இப்ப வஞ்சிர வறுவல், முறுக்கு எல்லாம் அந்தப் பக்கமே மெல்லுறேன். ஆனா முதல் தடவை போனப்ப மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட் (HbA1c) 9க்கு மேல இருந்துச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, 7 கிட்ட கொண்டாந்த பிறகுதான் கை வச்சாங்க. அம்மாவுக்கு அந்த டெஸ்ட்டை இப்பவே எடுத்துடு. சுகர் ஏறி இருந்தா புண்ணும் ஆறாது, எலும்பும் ஒழுங்கா பிடிக்காது.

பாண்டி பல் லேப்:
19 வருஷமா லேப்ல கேப் செய்யிறேன், அந்த அனுபவத்துல சொல்றேன். கடவாப்பல்லும் முன்பல்லும் ஒண்ணு கிடையாது. கடவாப்பல்லு மென்னா போதும், முன்பல்லு பாக்குறவன் கண்ணுக்கு தப்பணும். எல்லாரும் கலர் கலர்னு கேக்குறாங்க, கலர் நாங்க பாத்துக்குவோம், காட்டிக் குடுக்குறது ஈறு. பல் எடுத்த முதல் வருஷத்துலயே அந்த இடத்து எலும்பு உள்பக்கமா கணிசமா ஒடுங்கிடும், அது மேல அப்படியே இம்ப்ளான்ட் வச்சா ஈறு ஏறி பல் நீளமா தெரியும், சில பேருக்கு ஈறு வழியா சாம்பல் நிழல் கூட அடிக்கும். நான் எவ்வளவு நல்ல கேப் செஞ்சு குடுத்தாலும் அதை மறைக்க முடியாது. அதனால உங்க மஞ்சக்குப்பம் டாக்டர் சொன்னது சரின்னுதான் எனக்குப் படுது. உடனே பல் வைக்கிற முறையும் இருக்கு, எலும்பு கெட்டியா இருக்குறவங்களுக்கு செய்வாங்க, ஆனா எலும்பு மெலிஞ்ச எடத்துல, அதுவும் சுகரோட, எங்க அம்மாவா இருந்தா நான் ஒத்துக்க மாட்டேன். டைட்டானியத்தோட எலும்பு ஒட்டிக்கும்னு ஸ்வீடன்ல பிரானெமார்க் 1952ல முயல் கால் எலும்புல கண்டுபிடிச்சாரு, முதல் மனுஷனுக்கு போட்டது 1965ல. அன்னைலேர்ந்து எவ்வளவோ மாறிடுச்சு, ஆனா எலும்பு இன்னும் தன் வேகத்துலதான் வளருது.

கல்யாணத்துக்கு ஒரு வழி இருக்கு, பின்னாடி பக்கமா பக்கத்துப் பல்லுல சின்ன ரெக்கை மாதிரி ஒட்டுற தற்காலிகப் பல் கேளுங்க, பல்லை பெருசா ராவ வேண்டியதில்ல, கழட்டவும் வேண்டாம். கடிக்கிற அமைப்பு ஒத்து வந்தா செய்வாங்க. அதுல கரும்பு, முந்திரி கடிக்கக் கூடாது. ஷேடு (பல் கலர்) பாக்க காலையில வெளிச்சத்துல போங்க, போன உடனே பாக்க சொல்லுங்க, வாயைத் திறந்தே வச்சிருந்தா பல் காஞ்சு வெளுப்பா தெரியும். அப்புறம் பல் விழுறதுக்கு முன்னாடி அம்மா சிரிச்ச போட்டோ ஒண்ணு கொண்டுபோங்க, அது எங்களுக்கு தங்கம்.

பண்ருட்டி அக்கா:
நான் பிரிட்ஜ் போட்டவ, அதாவது ரெண்டு பக்கத்துப் பல்லையும் ராவி அதுல மாட்டுற பல். எனக்கு ரெண்டு பக்கத்துப் பல்லுமே ஏற்கனவே வேர் சிகிச்சை பண்ணி கேப் போட்டது, அதனால அது சரிவந்துச்சு. உங்க அம்மாவுக்கு பக்கத்துப் பல் நல்லா இருந்தா ராவ விடாதீங்கம்மா, ராவுனது திரும்பாது. செலவு யோசனையா இருந்தா பாண்டி கோரிமேட்டுல மகாத்மா காந்தி அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்கயும் ஒரு தடவை காட்டுங்க.

திருப்பாதிரிப்புலியூர் பொண்ணு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அம்மாகிட்ட பேசிட்டேன், இப்ப ஒட்டுப்பல், சுகர் டெஸ்ட், கல்யாணம் முடிஞ்சு எலும்பு வேலை. எங்க அக்கா வளைகாப்புல அம்மா சிரிச்ச போட்டோ கிடைச்சுது, பெருசு பண்ணிப் பாத்தா அந்தப் பல் லேசா பக்கத்துப் பல்லு மேல ஏறி இருக்கு, இத்தனை வருஷம் நான் கவனிச்சதே இல்ல. அதை அப்படியே செய்யச் சொல்லலாமா அண்ணா, இல்ல நேரா வைக்கச் சொல்றதா?

பாண்டி பல் லேப்:
அப்படியே செய்யச் சொல்லும்மா. நேரா வச்சா அம்மா கண்ணாடியில பாத்துட்டு வேற யாரோன்னு நினைப்பாங்க.