காப்பீட்டு நிறுவனத்தின் நெட்வொர்க் மருத்துவமனைப் பட்டியலை நம்பிப் போனவர்கள் இங்கே எழுதுங்கள்

குரோம்பேட்டை மகள்

அம்மாவுக்கு 71 வயது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் காப்பீட்டுச் செயலியில் பின்கோடைப் போட்டுத் தேடினேன். ஜி.எஸ்.டி. சாலை மருத்துவமனை ஒன்றின் பெயருக்குப் பக்கத்தில் ‘கேஷ்லெஸ் உண்டு’ என்று இருந்தது. அதாவது பில்லை நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகக் கட்டும். அங்கேயே போனோம்.

இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் இருந்த பெண் என் அட்டையைப் பார்த்ததும், பேசாமல் பக்கத்துக் கண்ணாடியைக் காட்டினார். கேஷ்லெஸ் நிறுத்தப்பட்ட நிறுவனங்களின் பெயர்கள் ஒரு தாளில் இருந்தன. எங்கள் நிறுவனம் மூன்றாவது. அந்தத் தாளை ஒட்டியிருந்த டேப் மஞ்சளாகி, ஓரம் சுருண்டு போயிருந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நேற்று நிறுத்தியிருந்தால்கூட மனம் ஆறும். டேப் மஞ்சளாகும் வரை செயலியில் இருந்த பட்டியலை ஒருவரும் திருத்தவில்லை. ஸ்ட்ரெச்சரில் இருந்தபடி அம்மா, “வீட்டுக்கே போய்விடலாம், கண்ணு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். முன்பணம் ஒன்றரை லட்சம். என் கணவர் கார்டிலும் தம்பி கார்டிலும் பிரித்துக் கட்டினோம்.

பெரம்பூர் வாசி

எங்களுக்கு மருத்துவமனையே இல்லை. அப்பாவின் கண்புரை அறுவைக்குப் பட்டியலில் இருந்த முகவரிக்குப் போனால் கீழே மரச்சாமான் கடை, மாடியில் டியூஷன் சென்டர். பிள்ளைகள் பையோடு படியில் இறங்கி ஓடி வருகிறார்கள். அப்பா ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, “தேதி மாறி வந்துவிட்டோமா?” என்று என்னைக் கேட்டார்.

மாம்பலம் கணக்கர், ஓய்வு

சகோதரி, வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் செயலியை மட்டும் நம்பிக் கிளம்பியிருக்கக் கூடாது. நான் ஒரு முறை போன் செய்து கேட்டதால்தான் தப்பித்தேன்.

எல்லோருக்கும் சொல்கிறேன். மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனம் இரண்டிடமும் கேளுங்கள். நிறுவனத்துக்காகக் கோரிக்கைகளைக் கவனிக்கும் இடை நிறுவனம் (டிபிஏ) இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். உங்கள் பாலிசியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். பட்டியல் பக்கத்தைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் கேட்கலாம். காப்பீட்டு நிறுவனங்களின் அமைப்பான பொதுக் காப்பீட்டு மன்றம் 2024 ஜனவரியில் அந்த ஏற்பாட்டைத் தொடங்கியது. திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்னதாகவும், அவசரம் என்றால் சேர்த்த 48 மணி நேரத்துக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரத்தில் இறுதி அனுமதி தர வேண்டும். நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் தீரவில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

வேளச்சேரி லதா

ஐயா, தாய் தரையில் கிடக்கும்போது யார் மூன்று இடத்துக்குப் போன் செய்வார்கள்? பட்டியலைச் சரியாக வைத்திருப்பது வெளியிட்டவரின் வேலை. நோயாளி அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் பட்டியல் எதற்கு?

நான் ஆறு வருடம் ஒரு மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுன்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவள். கட்டணத் தகராறில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் நிற்கும். நாங்கள் அன்றே கேஷ்லெஸை நிறுத்திவிடுவோம், நிறுவனமோ ‘பேச்சு நடக்கிறது’ என்று பெயரை அப்படியே வைத்திருக்கும். நிறுவனத்தின் பட்டியல் ஒன்று, டிபிஏவின் பட்டியல் வேறு. ஒரே மருத்துவமனையின் ஒரு கிளை உள்ளே, இன்னொரு கிளை வெளியே. அலுவலகப் பாலிசிக்கு உண்டு, சொந்தப் பாலிசிக்குக் கிடையாது. இதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லி, அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

என் தங்கை அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, மருத்துவர் பட்டியலை 90 நாளுக்கு ஒரு முறையாவது சரிபார்க்க வேண்டும். மாற்றம் தெரிந்தால் 2 வேலை நாளில் திருத்த வேண்டும். தவறான பட்டியலை நம்பிப் போனவரிடம் நெட்வொர்க்குக்கு உள்ளே கட்ட வேண்டிய பங்கை மட்டுமே வாங்கலாம். அந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். தவறுக்கு யார் பணம் தருவது என்று விதியிலேயே இருக்க வேண்டும்.

நியூ ஜெர்சியிலிருந்து, ஊர் அண்ணா நகர்

லதா அக்கா, சட்டம் வந்ததும் சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2023இல் செனட் நிதிக் குழுவின் ஊழியர்கள், முதியோருக்கான 12 காப்பீட்டுத் திட்டங்களின் பட்டியல்களில் இருந்த 120 மனநல மருத்துவர்களை அழைத்துப் பார்த்தார்கள். 100க்கு 18 அழைப்பில்தான் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. இங்கே இதற்குப் ‘பேய் நெட்வொர்க்’ என்று பெயர். நானும் ஒரு மாலை முழுக்க 11 எண்களை அழைத்தேன். ஒரு எண்ணை எடுத்தவர் அந்த மருத்துவர் இறந்துவிட்டார் என்றார். யாராவது அழைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் விதி நடக்கும்.

குரோம்பேட்டை மகள்

லதா அக்கா, நீங்கள் எழுதியதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். மாம்பலம் ஐயா, 48 மணி நேர விஷயம் அந்த இரவு அங்கே யாரும் சொல்லவில்லை. பில்களைக் கொடுத்தோம், 23,400 பிடித்தம் போக மீதி வந்தது. அம்மா வாக்கரில் நடக்கிறார். பட்டியலைத் திருத்தச் சொல்லி இரண்டு முறை எழுதினேன். ‘பதிவு செய்துகொண்டோம்’ என்று பதில் வந்தது. நேற்று இரவு செயலியைத் திறந்து பார்த்தேன். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ‘கேஷ்லெஸ் உண்டு’ என்றுதான் இன்னும் இருக்கிறது.