டெக் போட மரமா, கொம்போசிட்டா? (நிலாவெளிக்காரருக்குப் பதில்)

தச்சன்வீதி:
வீட்டுக்கு வெளியே டெக், அதாவது பலகைத் தளம், போட எது நல்லது என்று லிங்கநகர்_புதுவீடு கேட்டதற்கு நேற்று ஒருவர் இங்கே தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: “கடலோர வீட்டு டெக்குக்குக் கொம்போசிட் பலகைதான். மரம் போடுகிறவன் காசைக் கடலில் கொட்டுகிறான்.” சரி ஐயா. கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கிற ஆடி மாதத்தில், மதியம் ஒரு மணிக்கு, செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பலகையில் நின்று இதே வசனத்தைச் சொல்லுங்கள். பிளாஸ்டிக்கையும் மரத்தூளையும் உருக்கி அழுத்திய சாமான் அது. கால் வைக்க முடியாது.

நிலாவெளிக்காரன்:
அந்த ஒருவர் நான்தான், பெயரையே சொல்லலாம். வெயிலில் மரமும் சுடும், சீமெந்தும் சுடும், கடற்கரை மணலும் சுடும். கொம்போசிட்டில் கறையான் ஏறாது, எண்ணெய் பூசத் தேவையில்லை, மாரி மழைக்கு உக்காது. இதற்கெல்லாம் பதில் இல்லாமல் காலைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

தச்சன்வீதி:
டெக் எதற்கு, நடக்கத்தானே? பிறகு காலைப் பற்றிப் பேசாமல் தலையைப் பற்றியா பேசுவது? கறையானுக்கு வருகிறேன். வைரம் பாய்ந்த பாலை மரத்தைக் கறையான் தின்று யார் பார்த்தது? தண்ணீரில் போட்டால் தாழும் மரம். ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகப் போட்ட மரம். துளை போடாமல் ஆணி இறங்காது. ஹல்மில்ல என்ற இன்னொரு மரத்தை வெள்ளைக்காரன் ‘திருகோணமலை மரம்’ என்றே எழுதினான். சென்னைக் கரையில் அலையைக் கடக்கிற மசூலா படகை அதில் கட்டினார்கள். அலையில் கிடந்த மரம் உங்கள் டெக்கில் கிடக்காதா?

டொரன்டோ_திருமலை:
எங்கள் வீட்டில் கொம்போசிட்தான். பனியைத் தள்ளிவிட்டால் போதும், வேறு வேலை இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகப் பேசாதீர்கள். மேலே பிளாஸ்டிக் உறை உள்ளது ஒரு ரகம், உறை இல்லாதது வேறு. உறை இல்லாததில் ஈரம் இறங்கிப் பூஞ்சை பிடிக்கும். கடும் நிறம் அதிகமாகச் சுடும், வெளிர் நிறம் குறைவாகச் சுடும். நீங்கள் எதைப் பற்றிச் சண்டை பிடிக்கிறீர்கள்?

தச்சன்வீதி:
பனி தள்ளுகிற ஊரிலிருந்து கச்சானுக்கு ஆலோசனை! தம்பி, மதியம் ஒரு மணி, வெறுங்கால். அதற்குப் பதில் சொல்லிவிட்டு உறைக்கு வாருங்கள்.

உள்துறைமுகம்:
பாலை, முதிரை என்று காட்டு மரப் பெருமை பேசுகிறவர், மரம் ஏற்றும் பெர்மிட் இல்லாமல் ஒரு பலகை ஏற்றி வரட்டும் பார்ப்போம்.

தச்சன்வீதி:
யாரைக் கள்ளமரக்காரன் என்கிறீர்? நாங்கள் பெர்மிட்டோடு தொழில் செய்கிற ஆட்கள். முன்பு இங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பான கதை ஓடியபோதும் இப்படித்தான் குத்திவிட்டு ஓடினீர். மறக்கவில்லை.

உள்துறைமுகம்:
பொதுவாகத்தான் சொன்னேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

நிலாவெளிக்காரன்:
என் டெக் கடலுக்கு நேரே இருக்கிறது. மேலே கிடுகு இறக்கியிருக்கிறேன். விருந்தாளிகள் நீந்திவிட்டு ஈரக்காலோடுதான் ஏறுகிறார்கள். ஒருவரும் துள்ளவில்லை.

தச்சன்வீதி:
ஆகா, கிடுகு! அதை நேற்றே எழுதியிருக்கலாமே. நிழலில் இரும்புத் தகடுகூடச் சுடாது. சரி, பலகையைத் தாங்கும் அடிச்சட்டம் என்ன? மரம்தானே? உப்புக்காற்றுக்கு எந்தத் திருகாணி? உப்பைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் இல்லாவிட்டால் பலகை இருக்கும், ஆணி துருவாகக் கொட்டும். வெயிலில் நீளும் என்று நுனியில் இடைவெளி விட்டார்களா? மரத்தில் கீறல் விழுந்தால் சீவுளி பிடித்து எடுக்கலாம். உறைப் பலகையைச் சீவினால் உறையே போய்விடும்.

நிலாவெளிக்காரன்:
அடிச்சட்டம் கல்வனைஸ் இரும்பு, துத்தநாகம் பூசியது. கேட்காமலே மரம் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். 316 ஆணி மரத்துக்கும் வேண்டும். உங்கள் பாலை மட்டும் வெயிலில் சாம்பல் நிறமாகாதா? அதைச் சீவச் சீவக் கூலி யாருக்குப் போகும்?

தச்சன்வீதி:
கல்வனைஸ்! கடலுக்கு நேரே! உப்புக்காற்று அந்தப் பூச்சைத் தின்னாதா? இவர்தான் ஊருக்குத் தீர்ப்பு எழுதுகிறார்.

லிங்கநகர்_புதுவீடு:
முதலில் கேட்டவன் நான். பின்பக்கம் பத்துக்குப் பன்னிரண்டு அடி. எதைப் போடலாம் என்று யாராவது சொல்வீர்களா?

தச்சன்வீதி:
பின்பக்கம் எந்தத் திசை? மேற்கு என்றால் பின்னேரம் வரை வெயில் அதில்தான். வெறுங்காலை நினைத்துப் பாருங்கள்.

நிலாவெளிக்காரன்:
தம்பி, திசையைச் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கே அளவுநாடாவோடு வந்து நிற்பார்.

தச்சன்வீதி:
கூலிப் பேச்சை எடுத்தது நீர். அந்த இரும்புச் சட்டத்துக்கு எவ்வளவு கொடுத்தீர், அதை முதலில் எழுதும்.